பெயர் போட்ட மனு

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்: பட்டா, முதியோர் பென்ஷன், தெருக்குழாய். எனக்காக எழுதியது ஒன்றே ஒன்று.

எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பட்டாளத்தில் சேர வேண்டும் என்பதும் சின்ன வயது ஆசை. தன்பாலுறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ராணுவத்துக்குத் தனிச் சட்டம்; உண்மையைச் சொன்னால் ஒழுங்கீனம் என்று வெளியே அனுப்பலாம். அதை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். ஒரு தனிநபர் மசோதா கொண்டுவரச் சொல்லி எங்கள் எம்.பி.க்கு இரண்டு பக்கம் எழுதினேன். கீழே பெயரும் முகவரியும் போட்டேன். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் அடித்த ஒரு நாள் அவர் அலுவலகத்துக்குப் போனேன்.

மனு வாங்க உட்கார்ந்திருந்தவர் எனக்கு ஓட்டம் பழக்கும் அண்ணாச்சி, ரிட்டயர்டு ஹவில்தார். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போக நினைக்கிறவன் எல்லாம் அவர் விசிலுக்குத்தான் ஓடுகிறான்.

“ஏலே, சிபாரிசுக் கடுதாசியா? அதெல்லாம் அங்க செல்லாதுலே. ஓடுத காலுதான் சிபாரிசு,” என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது.

“யாருக்குலே இது? கூட்டாளி எவனுக்காவதா?”

“எனக்குத்தான் அண்ணாச்சி.”

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பேரை அடிச்சிரு. ‘ஒரு குடிமகன்’னு போடு. செலக்‌ஷனுக்கு ரெண்டு மாசந்தாம்லே இருக்கு. எவனாவது போட்டுக்கொடுத்தா ஒன் கதை முடிஞ்சிரும்.”

“மொட்டை மனுவைப் பதிவேட்டுல ஏத்த மாட்டோம்னு எங்க தெருக்காரங்களத் திருப்பி அனுப்புனது நீங்கதான? என் பேரு இருக்கட்டும். சீல் போடுங்க.”

“பட்டாளம்னா என்னன்னு தெரியுமாலே ஒனக்கு? ஒரே பாரக்ல நாப்பது பேரு படுக்கணும்.”

“நீங்க இருந்த பாரக்லயும் என்னை மாதிரி ஒருத்தன் இருந்திருப்பான் அண்ணாச்சி. வாயைத் தொறந்திருக்க மாட்டான்.”

அவர் சீலை ஓங்கிக் குத்தி, நகலை என் பக்கம் தள்ளினார். “நாளைக்குக் கிரவுண்டுப் பக்கம் வராத.”

போனேன். அது பஞ்சாயத்துக் கிரவுண்டு. செலக்‌ஷனில் ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்து நிமிடம் முப்பது வினாடிக்குள் ஓடினால்தான் முழு மார்க். மழையில் ஊறிய தரையில் அதை முதல் ஆளாக முடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவனின் நேரத்தைத்தான் சத்தமாகச் சொன்னார்.

“அண்ணாச்சி, என் டைம்?”

வாட்சைச் சட்டையில் துடைத்தார். பையன்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை கேட்டேன்.

“அஞ்சு முப்பத்தொண்ணு. போதுமாலே?”

“போதாது,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கோட்டில் போய் நின்றேன்.