அக்கா உதறிய சட்டைகள்

என் அக்கா வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். மாமாவுக்குச் சுத்தம் என்றால் கொஞ்சம் பைத்தியம். கூரைப் பலகையில் டிரில் போட்டு விளக்கு மாட்டினால், விழுந்த தூசியை ஒரு பொட்டு விடாமல் கூட்டி, மேஜையைத் தன் சட்டையாலேயே துடைத்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவார். அவர் வேலை பார்த்த தரையில் தட்டில்லாமலே சாப்பிடலாம் என்பார்கள்.

அந்தச் சுத்தமெல்லாம் அடுத்தவர் இடத்துக்குத்தான். வீட்டுக்கு வரும்போது புருவம்வரை வெள்ளையாக இருப்பார். "வந்துட்டாருடா மாவு மில்லு முதலாளி" என்று அக்கா கிண்டல் செய்வாள். சட்டையைக் கொல்லைக் கதவருகே நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊறவைப்பாள். உதறாமல் நனைத்தால் தூசி சேறாகி நூலில் ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து இதே பழக்கம்.

போன வருஷம் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். வயசாகுது என்றாள், உடம்பு போட்டுடுச்சு என்றாள். நுரையீரலைச் சுற்றிக் கோத்திருந்த நீரையும் கொஞ்சம் சதையையும் எடுத்துச் சோதித்த டாக்டர், "நீங்க எங்கம்மா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார்.

"நான் வேலைக்கே போனதில்லையே."

டாக்டர் மாமா பக்கம் திரும்பினார். "நீங்க?"

மாமா சொல்லச் சொல்ல, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பழைய கட்டடங்களின் கூரைப் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; பலகை உடையாமல் இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை; துளைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும்; மூச்சில் போய்த் தங்கினால் பல வருஷம் கழித்துத்தான் இப்படிப் புற்றுநோயாக வேலையைக் காட்டும் என்றார். குணமாகுமா என்று கேட்டேன். வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த ஆளை அறையலாம் போலிருந்தது. அவர்தான் என்ன செய்வார், பாவம்.

மாமாவையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் அதிகம் வேலை பார்த்தது ஒரே ஒரு பழைய ஆபீஸ் கட்டடத்தில். அதன் கூரைப் பலகைகளை மொத்தமாக உடைத்துப் புதுசு போடப்போவதாகக் கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கட்டடத்தின் சொந்தக்காரரிடம் போனார்.

"உடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆள் வெச்சுப் பார்த்துடுங்க சார். பயிற்சி எடுத்தவங்க வந்து, சந்தேகமான இடத்துலேர்ந்து சின்னத் துண்டு எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சுடும்."

"எங்கப்பா கட்டினது. என்ன போட்டாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாததாலதான் பார்க்கச் சொல்றேன்."

சொந்தக்காரர் கெட்டவர் இல்லை. அக்காவுக்குப் பழம் வாங்கி அனுப்பியவர். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துவிட்டு, "பார்த்து, இருக்குன்னு வந்துட்டா நான் என்ன பண்றது?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லை என்று நினைத்துக்கொண்டால் இல்லாமல் போய்விடுமா? சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வைப்பவருக்கு, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் வைக்கக் கசக்கிறது. மாமா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். யோசிக்கிறேன் என்றார். அடுத்த வாரமே வேறு ஆட்களை விட்டு உடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மாமா அங்கே போய்விட்டு வந்தபோது நான் அக்கா பக்கத்தில் இருந்தேன். தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது அவளுக்கு.

"என்ன ஆச்சு?"

"உடைக்கிறாங்க. புதுசா ஒரு எலக்ட்ரீஷியன். முகமெல்லாம் வெள்ளை."

அக்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டாள். "அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இப்பதான் ஆச்சாம்."

"துணியை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போகாதேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்" என்றார் மாமா. "என் பொண்டாட்டி நல்லாத் துவைப்பா, நீங்க கவலைப்படாதீங்கன்னு சொல்லிட்டான்."