திருக்கையைத் துடைத்தவர்

மீன் காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கும் அவருக்குப் 'பளிச்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். தொட்டிக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால் போதும், மனிதருக்குச் சோறு இறங்காது.

"என்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு தொடைக்கிற துணியக் கட்டிக்கிட்டிருக்கலாம்" என்பாள் மனைவி.

"கட்டியிருப்பேன். அதுக்குச் சமைக்கத் தெரியாதே" என்பார் இவர். அப்படிச் சிரிப்பும் பேச்சுமாக ஓடிய வாழ்க்கை. பெரிய குறை ஒன்றும் கிடையாது.

அங்கே ஒரு பெரிய பெண் திருக்கை மீன் இருந்தது. எல்லோரும் மகாராணி என்பார்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் இவர் துணி எங்கே போகிறதோ, உள்பக்கம் அதுவும் அங்கே போகும். வெள்ளை வயிற்றைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஏறும். வீட்டில் அந்தக் கதையை ஆரம்பித்தால் அவருக்கு வாயெல்லாம் பல்.

ஒருநாள் மகாராணியை எடை போட்டார்கள். ஆள் போதாமல், ஈரத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க இவரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு கிட்டத்தில் அதை அன்றுதான் பார்த்தார். முதுகு முழுக்கக் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது. தாங்குமா அவருக்கு? மீன்களைப் பார்க்கும் டாக்டரம்மா தராசுப் பக்கம் திரும்பிய நேரத்தில், தோளில் கிடந்த காய்ந்த துண்டை எடுத்து, குளித்து வந்த குழந்தைக்குத் துவட்டுவது போல ஆசையாக ஒரு துடை துடைத்துவிட்டார்.

சில நாளில் மகாராணியின் முதுகில் வெள்ளைத் திட்டுகள் கிளம்பின. பிறகு சிவந்து புண்ணாயின. தீனி எடுக்காமல் மூலையில் படுத்துவிட்டது. டாக்டரம்மா காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது இவரே போய்ச் சொன்னார்.

"அழுக்கா இருந்துச்சும்மா. நான்தான் தொடச்சேன்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறி, அவர் முகத்தைப் பார்த்ததும் இறங்கியது.

"அது அழுக்கு இல்லண்ணே. அதோட தோலே சுரக்கிறது. பெரும்பாலும் தண்ணி, அதுல பிசுபிசுன்னு ஒரு புரதம். நீந்துறப்போ தண்ணி உரசாம வழுக்கி விடுறது அதுதான். கிருமியக் கொல்ற சரக்கும் அதுலயே இருக்கு. கெட்ட கிருமிக்கு இடம் விடாம நல்ல கிருமிங்க வேற அதுல குடியிருக்கும். அத்தனையும் உங்க துண்டோட போயிடுச்சு."

"பொழைக்குமா?"

"மறுபடி நல்லா சுரந்தா புண்ணு ஆறும். சுரக்கலேன்னா கஷ்டம். தண்ணியச் சுத்தமா வச்சிட்டு, கை வைக்காம இருக்கணும். அவ்வளவுதான்."

கை வைக்காமல் இருப்பதா! அதைவிட இரண்டு அறை கொடுத்திருக்கலாம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றார். வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். முதலில் கேலி பேசிய மனைவி, பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேணும்னா செஞ்சீங்க? அதுக்கு உங்க மேல கோவம் இருக்காது."

"கோவப்பட்டாலும் பரவாயில்ல. உயிரோட இருந்து கோவப்படட்டும்" என்றவர் உடைந்து அழுதார்.

மெல்ல மெல்லப் புண்கள் சுருங்கின. மகாராணி ஒரு துண்டு மீனைத் தின்றது. மறுநாள் இன்னொன்று கேட்டு மேலே வந்தது. அன்று டாக்டரம்மா அவரைத் தொட்டி விளிம்புக்குக் கூப்பிட்டார்.

"கைய நனைச்சிட்டு, ரெண்டு விரல மட்டும் வச்சுப் பாருங்க."

"வேணாம்மா, இந்தக் கை ஆகாது."

"வைங்கண்ணே."

வைத்தார். விரல்கள் நிற்கவில்லை. முதுகோடு நழுவி ஓடின.

"வழுக்குதும்மா! நல்லா வழுக்குது!"

அவர் போட்ட சத்தத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, கையைத் துடைக்கத் துண்டை நீட்டினார்.

"இருக்கட்டும்மா" என்றார், கொழகொழப்பு ஒட்டிய விரல்களை விரித்துப் பிடித்தபடி. "வீட்ல அவகிட்ட காட்டணும்."