எங்க வீட்டுக்கும் மழை லீவு

காலையிலயே கலெக்டர் மழை லீவு விட்டாச்சு. அஞ்சாம் கிளாஸ் படிக்கிற மூத்தவ யூனிபாரத்தைக் கழத்திப் போட்டுட்டுத் திரும்பவும் போர்வைக்குள்ள போயிட்டா.

இளையவன் ஸ்கூலுக்குப் போறதில்ல. ரெண்டு வருஷமா நான்தான் வீட்டுல வச்சுப் படிப்பிக்கேன்.

கணக்கு புக்கை எடுத்ததும் அவன் கேட்டான். "எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் லீவுன்னுதானே போட்டிருக்கு. அப்ப நம்ம வீடு என்னவாக்கும்?"

நம்ம வீடு அதுல வராதுன்னு என் வாயால எப்படிச் சொல்ல? லீவு விட்டேன்.

மத்தியானம் மழை கொஞ்சம் விட்டதும் ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் பாறசாலையில கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் இளையவனைக் கண்டாலே, "எலே, இன்னைக்கும் ஸ்கூல் இல்லியா?"ன்னு தொடங்குவாரு. உடனே கடையில நிக்கிற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாப்பாங்க. அதனால பதிலை மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டேதான் நடந்தேன்.

அண்ணன் ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துச் சிரிச்சாரு. "மழை லீவாக்கும், இல்லியா மக்கா? ஜாலியா அடிச்சுப் பொளிங்க!"

அவ்வளவுதான். ஆளுக்கொரு மிட்டாய் வேற.

திரும்பி வரும்போது குடைக்குள்ள இருந்து இவன் சொன்னான். "அம்மா, இன்னைக்கு என்னட்ட யாரும் ஒண்ணும் கேக்கல்ல, பாத்தியா? நாளைக்கும் மழை பெய்யுமா?"

அதுலருந்து எனக்கு ஒரு இடத்துல இருக்க முடியல்ல. வாசலுக்குப் போறேன், வானத்தைப் பாக்கேன், வந்து கலெக்டரோட ஃபேஸ்புக் பேஜைத் திறக்கேன். லீவுக்கு மூத்தவகூட இப்படி அலையல்ல.

அமரவிளை, பொழியூர் பக்கம் உள்ளவங்க சொல்லுங்க மக்கா, அங்க வானம் கறுத்து மழைக்கோள் ஏதாவது உண்டா?