காலிக் கட்டிலில் கேட்ட முனகல்

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவனுக்கு என்ன பயம்? நீங்கள் நம்பாவிட்டாலும் போகிறது, சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். மலாயாவில் காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் நான் டிரெஸர். மருந்து கொடுப்பேன், கட்டுப் போடுவேன், கிள்ளானிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வந்தால் நோயாளிகளின் நிலையை ஆங்கிலத்தில் சொல்வேன். முனகுகிற எல்லோரையும் 'குரோன்' பண்ணுகிறார்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் டாக்டர் சிரித்துக்கொண்டே திருத்தினார். வலி தாங்காமல் கனமாக வெடித்து வருவது குரோன். தாழ்ந்த குரலில் நீளமாக இழுப்பது மோன், அது துக்கத்திலும் வரும், காற்றும் கடலும்கூட மோன் பண்ணும் என்றார். நாம் முக்கல் முனகல் என்று சேர்த்துச் சொல்வதை அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள், பாருங்கள். கல்யாணமான சில மாதத்திலேயே கமலத்தை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறியவன் நான். அவளைப் பார்க்காமல் சோறு இறங்காது. ஊருக்குப் போக லீவு கேட்டால், மோன் பண்ணாதே என்பார் டாக்டர். புலம்புவதற்கும் அதே சொல்தானாம்.

ஒரு பகலில் டாக்டரோடு வார்டைச் சுற்றி வரும்போது ஒரு முனகல் கேட்டது. நீளமாக இழுத்து, நடுவில் விக்கினாற்போல நின்று, மறுபடி இழுத்தது. கல்யாணமான புதிதில் காய்ச்சல் வந்தபோது கமலம் அப்படித்தான் அனத்தினாள். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டவனுக்குத் தெரியாதா? ஆனால் சத்தம் வந்தது ஆளில்லாத கடைசிக் கட்டிலிலிருந்து. யார் மோன் பண்ணுவது என்று டாக்டரே கேட்டார், சாமி சத்தியமாக. நான் ஓடிப்போய்த் தலையணைமேல் கை வைத்தேன், சுட்டது. முனகல் மெல்ல அடங்கியது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது எனக்கு. டாக்டர் என் பெயரைச் சொல்லி அதட்டினார். கையை எடுத்தேன். இன்னும் ஒரே ஒரு முனகல் வந்தது, அதோடு சரி. காற்று என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் போனார்.

கெட்ட சேதி வருமோ என்று தபால்காரனைக் கண்டாலே ஓடிப்போய் விசாரிப்பேன். ஒன்றும் வரவில்லை. மறுவருஷம் கமலமே கப்பலில் வந்து இறங்கினாள். நடந்ததை நான் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. தோட்டத்துக்குப் போகும் வழியில் அவளாகவே கேட்டாள்.

"போன வருஷம் ஊர்ல நான் காய்ச்சல்ல கெடந்தப்ப வந்து நெத்தியில கை வச்சீங்களே, ஏன் சட்டுனு எடுத்துட்டீங்க?"

"டாக்டர் கூப்பிட்டாரு," என்றேன், என்னையறியாமல்.

"ஆமா, கேட்டுச்சு," என்றாள்.

கடலுக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு அது எப்படிக் கேட்கும்? இத்தனை வருஷமாக அதை மட்டும் அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.