கட்டி வைத்த பெருமூச்சு

மயிலாப்பூர் அச்சகத்தில் என் தொடர்கதைக்கு எழுத்துக் கோத்தவர், மூக்குக்கண்ணாடியை நூலால் காதில் கட்டியிருப்பார். ஒருநாள் அவர் மேஜையோரம் ஒரே ஒரு வரியின் ஈய எழுத்துகள் நூல் சுற்றித் தனியாக இருந்தன. என்னவென்று கேட்டேன்.

“‘அவள் பெருமூச்சு விட்டாள்.’ வாரா வாரம் வருதே சார்! எத்தினி தபா கோக்கறது? அதான் பிரிக்காம கட்டி வச்சிக்கினு கீறேன்.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் காலையில் பூங்காவில் உட்கார்ந்து புது நாவல் யோசித்தேன். கதாநாயகி வக்கீல், எதற்கும் கலங்காதவள். முதல் அத்தியாயத்தை அவரிடமே நீட்டி, “அந்த வரிய இனிமே பிரிச்சிடலாம்” என்றேன்.

நின்றபடியே படித்து முடித்தார். நூல் சுற்றிய வரியை எடுத்து மேல்தட்டில் பத்திரமாக வைத்தார்.

“எதுக்கும் இருக்கட்டும் சார்.”

மூன்றாவது அத்தியாயத்தில், வழக்கில் ஜெயித்த வக்கீலம்மாள் பெருமூச்சு விட்டாள். அந்த வாரம் கைப்பிரதியைத் தபாலில் அனுப்பினேன்.