ஃபேன் போடாத நாள்

கார்த்திகை பிறந்துவிட்டால், மலையாள எல்லைக்குள் இருக்கும் எங்கள் சித்தூர்ப் பக்கம் கிழக்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். கணவாய் வழியே வந்து, கொடியில் காயும் துணியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஊரில் எல்லோரும் அதைத் திட்டுவார்கள். நான் மட்டும் திட்டமாட்டேன். என் பட்டறையின் கிழக்கு ஷட்டரை ஏற்றிவிட்டால் போதும், அந்த ராட்சத ஃபேனைப் போடாமலே வேலை பார்க்கலாம். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எல்லோரும் செய்வதுதான் இது.

என் வேலை, டர்போ வைத்த டீசல் கார்களின் இழுவையைக் கூட்டிக் கொடுப்பது. காரின் முன்சக்கரங்களைத் தரையில் பதித்த இரும்பு உருளைகள் மேல் ஏற்றி, பட்டை போட்டு இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு மூச்சாக ஓட்டவேண்டும். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். டைனோ என்பது இதுதான். கோட்டைப் பார்த்து, காரின் மூளைப்பெட்டியில் டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டி, மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். கூடவே புகைக்குழாயின் சூட்டிலும் ஒரு கண் இருக்கவேண்டும். சூடு எல்லை தாண்டினால் உள்ளே பிஸ்டன் உருகிவிடும்.

ரோட்டில் ஓடும் காருக்கு எதிர்காற்றே குளிர்ச்சி. பட்டறையில் கட்டிப்போட்ட காருக்கு அது கிடையாது, அதற்குத்தான் முன்னால் ஆள் உயர ஃபேன். மலையேறுகிற கார் என்றால் ஃபேனைக் குறைத்து வைத்து, நெடுநேரம் இழுக்கவிட்டுப் பார்க்கவேண்டும். மலையில் கார் ஊர்ந்துதான் போகும், எதிர்காற்று அதிகம் இருக்காது. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தும்தான் அந்தக் காற்றை நம்பினேன்.

அக்காவைக் காந்தலூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானின் அப்பா காலத்தில் உடுமலைப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம், பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள். அக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் உடுமலைக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு, சின்னாறு காட்டு வழியாக மறையூர் ஏறி வீடு திரும்பவேண்டும். போகும்போது பேசிக்கொண்டு போவாள். வரும்போது பிழிந்துபோட்ட துணி. ஏசி இல்லாவிட்டால் வாந்தி எடுப்பாள். ஏசியைப் போட்டால் கார் ஏற்றத்தில் திணறும்.

மச்சான் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அந்தக் கார்த்திகையில் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று, "ஏசி போட்டா ஏற மாட்டேங்குதுங்க மாப்பிள்ளை. நிறுத்துனா இவளுக்கு ஆகறதில்ல. ரெண்டும் நடக்கறாப்புல பண்ணிக் குடுங்க," என்றார். அதைவிடச் சந்தோஷமான கோரிக்கையை அதுவரை யாரும் என்னிடம் வைத்ததில்லை. ஊரில் இருக்கிற மைனர்களுக்கெல்லாம் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தவன், முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்குக் கூட்டப்போகிறேன் என்று எனக்கு ஒரே மிதப்பு.

காரை உருளையில் ஏற்றினேன். அக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் போட்டால் அந்த இரைச்சல் அவளுக்குத் தலைவலியைக் கொண்டுவரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாக்குத்தான். அவள் இல்லாவிட்டாலும் போட்டிருக்கமாட்டேன். கிழக்கு ஷட்டரை ஏற்றினேன். காற்று குபுகுபுவென்று வந்து காரின் முகத்தில் அடித்தது.

மூன்று தடவை இழுத்தேன். கோடு ஏறியது, சூடு ஏறவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டலாம் போலிருந்தது. கூட்டினேன். அப்போதும் சூடு அடங்கித்தான் இருந்தது. என் கைத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். அக்கா எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள்.

"இந்தக் கோடு ஏறுறாப்புல நம்ம காரும் ஏறிருமா கண்ணு?"

"ஏறிரும்," என்றேன்.

இரண்டரை மாதம் ஏறியது. மறையூர் தாண்டியது தெரியாமல் தூங்கிவிட்டதாகவும், ஊடு வந்துதான் முழித்ததாகவும் அக்கா போனில் சொல்வாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வாள். கேட்கிற எனக்கு அலுத்ததே இல்லை.

மாசியில், ஒரு மத்தியானம், சின்னாறு காட்டுக்குள் கார் நின்றுவிட்டது. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழி இல்லாமல் இரண்டாம் கியரில், ஏசியோடு, அதன் பின்னாலேயே நெடுநேரம் ஏறியிருக்கிறார்கள். இலை அசையாத வெயில். வெள்ளைப் புகை குபீரென்று வந்து எஞ்சின் அடங்கிவிட்டது. அங்கே போனில் சிக்னல் கிடையாது, யானை நடமாடுகிற இடம். ஊசி குத்திய கையில் கட்டோடு அக்கா இரண்டு மணி நேரம் காருக்குள் கிடந்திருக்கிறாள். கடைசியில் ஒரு காய்கறி லாரிக்காரர் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார்.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு என்னிடமே வந்தார் மச்சான். எஞ்சினைப் பிரித்தேன். மூன்றாம் பிஸ்டனின் தலை வெல்லம்போல் உருகி வழிந்திருந்தது. டீசல் தெளிக்கிற இன்ஜெக்டர் கெட்டாலும் பிஸ்டன் உருகும் என்பதால் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டேன். ஒன்றாவது கெட்டிருக்கவேண்டுமே என்று வேண்டாத சாமி இல்லை. நாலும் பூமாதிரி தெளித்தன. கம்ப்யூட்டரில், கார்த்திகையில் காரை உருளையில் ஓட்டிய அன்றைய பதிவைத் திறந்தேன். எஞ்சினுக்குள் போன காற்றின் குளிர்ச்சி, மலைக்காட்டில் எந்த மத்தியானத்திலும் கிடைக்காத குளிர்ச்சி. கணவாய்க் காற்றை நம்பி நான் காரை ஏமாற்றியிருந்தேன்.

மச்சான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

"கேன் டீசல் ஊத்துனதுனாலயாங்க மாப்பிள்ளை?"

தோட்டத்து மோட்டாருக்கு வாங்கி வைக்கிற டீசலை, அவசரத்துக்கு இரண்டு மூன்று தடவை கேனிலிருந்து காரில் ஊற்றியிருக்கிறார். அதில் தூசி இருந்திருக்குமோ என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "இருக்கலாமுங்க," என்றேன். ஒரே ஒரு வார்த்தை. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது வீட்டில், உறவில், காந்தலூர் கடைத்தெருவில் எல்லாம் தீர்ப்பாகிவிட்டது.

எஞ்சின் தேறாது. அதே மாதிரி வேறொன்று தேடிப் பிடிக்க மாதக்கணக்காயிற்று. ஊர்க் கார்களுக்கெல்லாம் இழுவை கூட்டிக் கொடுக்கிறவனிடம் சொந்தமாக இருந்தது ஒரு பைக். வாரத்துக்கு மூன்று நாள் வாடகைக் கார் கட்டுப்படியாகாது, முதலில் அக்கா ஜீப்பில் போனாள். குலுக்கலில் குடல் வெளியே வருகிறது என்றாள். பிறகு பஸ். இறங்கும்போது இடம் கிடைக்கும், ஏறும்போது சில நாள் நிற்கவேண்டும். வாரத்துக்கு மூன்று தடவை இரண்டாயிற்று. ஒரு வாரம் ஒன்றாயிற்று. உடம்பு ஊதியது. போனில் என்னிடம் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. "ஒரு கேனு டீசலுக்குச் சோம்பப்பட்டு என்ன நடக்க உட்டுட்டாரு உங்க மச்சான்," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதிலும் பாதி சிரிப்புத்தான். கார் தயாராகட்டும், அவளை உட்காரவைத்துக்கொண்டு சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். கோழைக்கு நாளைக்கா பஞ்சம்.

புது எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்த ஆனி மாதத்தில் அக்கா போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் மச்சான் அதையே சொன்னார். தான்தான் காரைக் கெடுத்ததாகவும், அந்தக் கார் ஓடியிருந்தால் அவள் இருந்திருப்பாள் என்றும் வந்தவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குத் தண்ணீர் எடுத்துக்கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அயோக்கியன் என்று என்னை நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அது அந்தப் பாயை எட்டப்போவதில்லை.

இப்போது கார்த்திகையிலும் கிழக்கு ஷட்டர் இறங்கித்தான் இருக்கிறது. ஃபேன் போடாமல் எந்தக் காரையும் ஓட்டுவதில்லை. யாருக்கு என்ன பிரயோஜனம்?

போன மாதம் காந்தலூர் போயிருந்தேன். சொல்லிவிடுவது என்று இந்தத் தடவையும் பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். மச்சான் தோட்டத்து மோட்டார் ரூமில் இருந்தார். டீசல் கேன் பக்கத்தில், புனலின் வாயில் நாலாக மடித்த வெள்ளை வேட்டித் துணி. அவர் கைக்கு எட்டாமல் துணி நழுவ, கொஞ்சம் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அவர் கேனைச் சாய்த்து நூல் பிடித்ததுபோல் ஊற்றினார். முழுக் கேனும் இறங்கியது. துணியை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார்.

"பாருங்க மாப்பிள்ளை. அன்னையிலிருந்து ஒவ்வொரு கேனையும் வடிகட்டித்தான் ஊத்தறன். ஒரே கடை, ஒரே டீசல். இத்தன நாள்ல ஒரு தூசிகூட உழுகல. அன்னிக்கு மட்டும் எங்கிருந்து வந்துதுன்னே தெரியலீங்க."

துணியை மறுபடி நாலாக மடித்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். நான் டீசல் நாற்றம் அடித்த கையைக் கழுவிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன்.