காந்தம் ஒட்டிய குண்டான்

கோச்சடை ஜெயபாண்டிக்குத் தெரிந்த விஞ்ஞானம் ஒன்றே ஒன்றுதான்: காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வரே இல்லை. சாவிக்கொத்தில் காந்தத்தோடு அலைகிற மனிதர், மகன் கல்யாணத்திலும் சும்மா இருக்கவில்லை. மருமகள் தாமரைச்செல்வியின் சீர்க் குண்டானில் காந்தம் ஒட்டியதும், "தகரத்தக் குடுத்து ஏமாத்திட்டாக" என்று மண்டபமே கேட்கச் சொன்னார். அவளுடைய அப்பா கூசிப்போய் நின்றார். குண்டான் பரணுக்குப் போனது.

போன மாதம் கேஸ் கிடைக்காமல், அவரே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவந்தார். வீட்டுப் பாத்திரம் எதை வைத்தாலும் அடுப்பு சூடேறவில்லை. கடைக்காரனைத் திட்டினார். தாமரைச்செல்வி பரணிலிருந்து குண்டானை இறக்கிப் பால் காய்ச்சினாள்.

"காந்தம் ஒட்டுனாத்தான் மாமா இந்த அடுப்புல சுடும். எவர்சில்வர்ல ஒட்டுற ரகமும் இருக்கு."

அவர் காப்பியைக் குடித்துவிட்டுச் சீனி பத்தவில்லை என்றார். இந்த ஆள் பேச்சுக்கா அப்பா கூசி நின்றார் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.